வாகைக்குளத்து விமானமும் வடசேரி பஸ்ஸும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 26-ஆம் தேதி, தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் புதிய விமான நிலையக் கட்டடத்தைப் பிரதம மந்திரி திறந்து வைத்தார். செலவு சுமார் 450 கோடி ரூபாய். கட்டடத்தின் பரப்பு 17,340 சதுர மீட்டர். ஆனால் கட்டடத்தைக் காட்டிலும் முக்கியமானது அதற்கு வெளியே கிடக்கும் ஓடுபாதை. முன்பு 1,350 மீட்டர் நீளமே இருந்த அந்தப் பாதை இப்போது 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. விசிறி சுழலும் சிறு விமானங்கள் மாத்திரமே வந்து இறங்கிய இடத்தில் இனிப் பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம்.

அன்று முதல் நாஞ்சில் நாட்டில் நாலு பேர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி அடிபடுகிறது. பெரிய விமானங்களை வைத்துக்கொண்டு மலிவுக் கட்டணத்தில் ஜனங்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிகள் வாகைக்குளத்தில் வந்து காலூன்றுமா? ஊன்றினால் நமக்கு என்ன பிரயோஜனம்? "நமக்குத்தான் திருவனந்தபுரம் இருக்கிறதே!" என்கிறார்கள் சிலர். "எங்கள் ஜில்லாவுக்கே தனியாக ஒரு விமான நிலையம் கொடுங்கள்" என்கிறார்கள் வேறு சிலர். "ஏழைக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று மூன்றாவது கட்சியார் கேட்கிறார்கள். மூன்று கட்சிகளையும் பொறுமையோடு கேட்டு, விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு வாசல்கள்

நாஞ்சில் நாட்டின் ஸ்திதி விசித்திரமானது. நாகர்கோவிலிலிருந்து மேற்கே சென்றால், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகச் சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் விமான நிலையம். கிழக்கே சென்றால், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, வள்ளியூர், நாங்குநேரி வழியாகச் சுமார் 100 கிலோமீட்டரில் வாகைக்குளம். மேற்கு வழி தூரத்தில் குறைவு. ஆனால் வீடும் கடையும் நெருங்கி நிற்கும் பாதை, கடைத்தெருவுக்குக் கடைத்தெரு வண்டி நின்று நகரும். கிழக்கு வழி தூரத்தில் அதிகம். ஆனால் அகன்ற நெடுஞ்சாலை. காற்றாலைகள் சுழலும் வெட்டவெளியில் வண்டி தடையின்றிப் போகும்.

மேற்கு வாசல் பழைய வாசல். 1935-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி டாட்டா கம்பெனியின் விமானம் ஒன்று பம்பாயிலிருந்து தபால் சுமந்து வந்து திருவனந்தபுரத்தில் இறங்கிற்று. அந்தக் கம்பெனியின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்து அப்போது மூன்று வருஷங்களே ஆகியிருந்தன. அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. திருவனந்தபுரம்தான் நமக்குத் தலைநகரம். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தோம். தலைநகரம் ஒரே நாளில் 70 கிலோமீட்டரிலிருந்து 700 கிலோமீட்டருக்கு நகர்ந்துவிட்டது! அந்தத் தூரத்தைக் குறைக்க ரயில் உடனே வந்ததா என்றால், அதுவும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். நாகர்கோவிலும் திருநெல்வேலியும் இருப்புப் பாதையால் இணைந்தது 1981-இல். இணைப்புக்குப் பின் கால் நூற்றாண்டு காலம் நம்முடைய தலைநகருக்கு நம்முடைய ஊரிலிருந்து நேராக ரயில் ஏற முடியாமல் இருந்தவர்கள் நாம். தூரம் என்றால் என்ன என்பதை நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று அந்த நிலைமை மாறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. சுமார் 9 மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. நிதானமாகப் போக வேண்டியவர்களுக்கு ரயிலே நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் நிதானமாகப் போக முடியாத பிரயாணங்களும் உண்டு.

யாருக்கு அவசரம்?

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைக்கு, தோவாளையில் தாய் மூச்சுத் திணறிக் கிடக்கிறாள் என்று காலையில் செய்தி வருகிறது. சென்னையில் பயிற்சி பெறும் நர்ஸுப் பெண்ணுக்கு மறுநாள் நேர்முகப் பரீட்சை. வளைகுடா நாட்டில் வலை இழுக்கும் மீனவருக்கு ஊரில் தகப்பனாரின் காரியம். இவர்கள் ஒருவரும் தனவந்தர் அல்லர். கையில் உள்ள பணத்தைக் காட்டிலும் கையில் உள்ள நேரம் குறைவாக இருப்பவர்கள். "ஏழைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு இவர்களே பதில்.

நமது மீனவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதை 2020-ஆம் வருஷம் நாடே அறிந்தது. கொரோனாவினால் விமானங்கள் நின்றுபோன அந்தக் கோடையில் ஈரான் கரையில் சிக்கிக்கொண்டவர்களில் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்க்காரர்கள் பலர். பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 'ஜலாஷ்வா' என்ற கடற்படைக் கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. அன்று அவர்கள் கடல் வழியே வந்தது கட்டாயத்தினால். மற்றக் காலங்களில் அவர்கள் நம்பியிருப்பது விமானத்தைத்தான். மலிவுக் கட்டண விமானம் இவர்களுக்குப் புதிதும் அன்று. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டணக் கம்பெனியின் முதல் விமானம் 2005 ஏப்ரல் 29 அன்று அபுதாபிக்குப் புறப்பட்டது திருவனந்தபுரத்திலிருந்துதான்.

அப்படியானால் திருவனந்தபுரமே போதாதா? வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு இன்றும் அதுவே வழி. விளவங்கோடு, கல்குளம் பகுதியார்க்கு என்றும் அதுவே பக்கம். ஆனால் ஒரே வாசல் உள்ள சந்தையில் சுங்கம் ஏறினால் தப்ப வழி இல்லை. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் உள்நாட்டுப் பிரயாணி புறப்படும்போது செலுத்தும் உபயோகக் கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாயாக உயர்ந்தது. நாம் முணுமுணுத்துக்கொண்டே செலுத்தினோம். கிழக்கேயும் ஒரு வாசல் திறந்திருந்தால், மேற்கு வாசற்காரரும் சற்று யோசிப்பார்.

சரி, நம் ஜில்லாவுக்கே ஒரு விமான நிலையம் கேட்டால் என்ன? கேட்பதற்குக் காசு இல்லை. கட்டுவதற்கு நிலம் வேண்டும். கன்னியாகுமரி ஜில்லாவின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011-ஆம் வருஷக் குடிக்கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அதில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுபாதை போட வேண்டுமானால், வயலையும் குளத்தையும் தென்னந்தோப்பையும் விட்டால் வேறு இடம் ஏது? நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாடு தன் கடைசி வயல்களைச் சிமெண்டினால் மூடிக்கொண்டு ஆகாயத்தைப் பார்ப்பது அழகாகுமா? 450 கோடி ரூபாய் செலவில் 100 கிலோமீட்டரில் ஒன்று தயாராக இருக்கும்போது, அதை நன்றாக உபயோகிப்பதே புத்திசாலித்தனம்.

மலிவின் சூட்சுமம்

மலிவுக் கட்டணம் என்பது தர்மம் அல்ல. அது ஒரு வியாபாரம். அதன் சூட்சுமத்தை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனி. 1971-இல் டெக்ஸஸ் மாகாணத்தின் மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கிற்று. பணமுடையினால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக் கொண்டே செய்தது. எப்படி? இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் மறுபடி கிளப்பிவிட்டார்கள்! தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை என்பது முதல் பாடம். ஒரே ஜாதி விமானங்களை வைத்துக்கொள்வது, ஆசனங்களை நெருக்கிப் போடுவது, சாப்பாட்டைத் தனியே விற்பது முதலியன மற்றப் பாடங்கள். எல்லாவற்றுக்கும் மேலான பாடம், ஆசனங்கள் நிறைய வேண்டும் என்பது. காலி ஆசனத்தை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. வாழைப்பழமாவது ஒரு நாள் தாங்கும்!

ஓடுபாதை நீண்டதன் முக்கியத்துவம் இங்கேதான் விளங்கும். வாகைக்குளத்துக்கு வந்துகொண்டிருந்த சிறு விமானத்தில் 78 ஆசனங்கள். பெரிய ஜெட் விமானத்தில் 180 ஆசனங்கள். நிறைந்து பறந்தால் பெரிய விமானத்தில் தலைக்கு ஆகும் செலவு குறைவு. ஆகவே கட்டணமும் குறையலாம். ஆனால் 180 ஆசன விமானத்தில் 78 பேரே ஏறினால், கம்பெனிக்கு நஷ்டம். சில மாதங்களில் விமானம் நின்றுவிடும். பெரிய விமானத்தை வரவழைப்பதல்ல, அதை நிறைப்பதே காரியம்.

நாம் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். தினமும் ஒரு முறை வந்து போகும் பெரிய விமானத்தில் நூற்றுக்கு எண்பது ஆசனம் நிறைய வேண்டுமானால், ஒரு வழிக்கு 144 பேர் வேண்டும். வருஷத்துக்கு இரு வழியும் சேர்த்து 1,05,120 பிரயாணங்கள். 2011 கணக்குப்படி அன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களின் ஜனத்தொகை ஏறக்குறைய 67 லட்சம். ஆகவே 64 பேரில் ஒருவர் வருஷத்துக்கு ஒரே ஒரு வழிப் பிரயாணம் செய்தால் விமானம் நிறைந்துவிடும். எட்டாத காரியம் அல்ல. இந்த 67 லட்சத்தில் கன்னியாகுமரி ஜில்லாவின் பங்கு 18,70,374. அதாவது நாலில் ஒன்றுக்கு மேல். ஜனத்தொகைப்படி 144 பேரில் நம்மவர்கள் 40 பேர் இருக்க வேண்டும். அதில் பாதிப்பேர் வழக்கம்போல் மேற்கே போய்விட்டாலும் மீதி 20 பேர். விமானம் 124 பேரோடு பறப்பதற்கும் 144 பேரோடு பறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரும்பாலும் நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் உள்ள வித்தியாசம். இருபது பேர் என்றால் எவ்வளவு? வடசேரி நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு பஸ்ஸில் பாதி!

வந்து போன விமானங்கள்

'வருமா?' என்பதை விட 'நிலைக்குமா?' என்பதே பெரிய கேள்வி என்பதற்கு அனுபவம் சாட்சி. வாகைக்குளம் நிலையம் திறந்தது 1992-இல். 2006-இல் ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டணக் கம்பெனி இங்கே வந்தது. சாமானியனும் பறக்க வேண்டும் என்று காப்டன் கோபிநாத் 2003-இல் ஆரம்பித்த அந்தக் கம்பெனியைப் பிறகு கிங்ஃபிஷர் விழுங்கிற்று. கிங்ஃபிஷரை 2012-இல் கடன் விழுங்கிற்று. சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் சர்க்கார் உதவியோடு சென்னைக்கு விமானம் தொடங்கிற்று, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் சேலத்தார் மறுபடியும் விமானத்தைக் கண்டார்கள்.

சிறு நகரங்களை ஆகாய மார்க்கத்தில் இணைக்க மத்திய சர்க்கார் கொண்டுவந்த 'உடான்' திட்டத்தில் 2017 ஏப்ரலில் முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று ஆசனங்களில் ஒரு பகுதிக்கு வரம்பு கட்டி, அதனால் வரும் நஷ்டத்தை மூன்று வருஷம் வரை ஈடுசெய்வது ஏற்பாடு. நோக்கம் மிக நல்லது. பலன்? 2023-இல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை தெரிவித்தது: கொடுக்கப்பட்ட 774 மார்க்கங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று வருஷத்தை முடித்தவை 112. உதவி நின்ற பிறகும் அவ்வருஷம் மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54. தாய்ப்பால் நின்றதும் சோறு உண்ணக் கற்றுக்கொள்ளாத குழந்தைகளாகப் பெரும்பாலான மார்க்கங்கள் போய்விட்டன. அந்த ஊர்களில் பளபளக்கும் கட்டடங்கள் இருந்தன. கட்டடத்துக்கு வந்து சேர ஜனங்களுக்குப் பல இடங்களில் வழிதான் சரியாக இல்லை.

இலவசக் குடை

தூத்துக்குடிக்கு மலிவுக் கட்டணம் என்பது புது விஷயமே அல்ல. அதைப் பற்றி இந்தியாவிலேயே அதிகப் படிப்பினை பெற்ற ஊர் அதுதான். 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 லட்சம். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அதுவரை தூத்துக்குடி - கொழும்பு மார்க்கத்தில் போட்டியின்றிக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கிற்று. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. உடனே ஆங்கிலக் கம்பெனி, 'காசே வேண்டாம், சும்மா ஏறுங்கள். ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம்' என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது. எதிரி போன பிறகு இலவசக் குடைக்கு அவசியம் என்ன?

இந்தச் சரித்திரத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இறங்கிய கட்டணமெல்லாம் அன்பினால் இறங்கியது அல்ல என்பது ஒன்று. போட்டி உள்ள வரையில்தான் மலிவு என்பது மற்றொன்று. இரண்டாவது பாடத்தை 2025 டிசம்பரில் தேசமே திரும்பப் படித்தது. உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ஒரே கம்பெனி, விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் சேர்த்துக்கொள்ளாமல் தடுமாறியது. சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற விமானங்களில் கட்டணம் விண்ணை முட்டிற்று. கடைசியில் சர்க்கார் தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரையிலான பிரயாணத்துக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. மலிவுக் கட்டணக் கம்பெனி என்றே பெயரெடுத்த ஒன்றினால் வந்த வினை இது! ஒற்றைத் தூணில் கட்டிய மண்டபம் எவ்வளவு அழகானாலும் அதன் கீழ் நிம்மதியாகத் தூங்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகையால் நம் முடிவு இதுதான். மலிவுக் கட்டண விமானம் வாகைக்குளத்துக்கு வர வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் வரவேற்பு வளைவு கட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நாஞ்சில் நாட்டார் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனி. சென்னை, பெங்களூர் ஆகிய இரண்டு மார்க்கங்களிலாவது இருவர் போட்டியிட வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பும்படி நேரங்கள் அமைய வேண்டும். வேலை முடிக்கப் போகிறவனுக்கு நடுப்பகல் விமானம் ஒன்றினால் பிரயோஜனம் சொற்பம்.

இரண்டாவது, வரி. விமான எரிபொருளின் மீது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக 29 சதவீத விற்பனை வரி விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. விமானக் கம்பெனியின் பெருஞ்செலவே எரிபொருள். சிறு நிலையங்களில் நிரப்பும் எண்ணெய்க்காவது இதைத் தளர்த்துவது, கம்பெனிகளுக்குப் பணமாகக் கொடுப்பதை விட மேல். பறந்தால்தானே சலுகை கிடைக்கும்!

மூன்றாவது, உதவிப் பணம் கொடுப்பதானால் காலக்கெடுவோடும் கணக்கோடும் கொடுக்க வேண்டும். எத்தனை ஆசனம் நிறைந்தது, எந்த ஜில்லாவார் ஏறினார்கள் என்பதை மாதந்தோறும் ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் நம்முடையது, கணக்குக் கேட்பது குற்றமல்ல.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் சிறியது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பஸ். நாகர்கோவில் வடசேரியிலிருந்து வாகைக்குளத்துக்கு, ஒவ்வொரு விமானத்தின் நேரத்தையும் அனுசரித்து, வழியில் வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் மட்டும் நிற்கும் ஒரு பஸ். விமானம் தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்க வேண்டும். பெங்களூர் விமான நிலையத்திலிருந்து 170 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள மைசூருக்குக் கர்நாடக சர்க்கார் போக்குவரத்துக் கழகம் இப்படியே பஸ் விட்டு வந்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 450 கோடி ரூபாய் செலவழித்த பிறகு ஒரு பஸ்ஸுக்கு யோசிப்பது, கல்யாணத்தைத் தடபுடலாக நடத்திவிட்டுத் தாம்பூலத்துக்குச் சுண்ணாம்பு வாங்க மறந்த கதையாகும். விமானத்தில் மிச்சப்படுத்திய பணத்தையெல்லாம் வாடகைக் காருக்குக் கொடுத்துவிட்டால், பிரயாணி அடுத்த தடவை ரயிலுக்கே போய்விடுவான்.

இவை சர்க்காரும் கம்பெனிகளும் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சுதேசிக் கப்பல் தூத்துக்குடியில் நின்றபோது, இலவசக் குடையை மறுத்து எட்டணா கொடுத்து அதில் ஏறியவர்கள் இருந்தார்கள். போதுமான எண்ணிக்கையில், போதுமான காலம்தான் இருக்கவில்லை. கிழக்கு வாசல் திறந்த முதல் வருஷத்தில் நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காக நாம் அதை ஒதுக்கினால், அது மூடிக்கொள்ளும். பிறகு மேற்கு வாசலில் என்ன கேட்கிறார்களோ அதைக் கொடுக்க வேண்டியதுதான். கன்னியாகுமரி ஜில்லாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 91-க்கு மேல் என்று 2011-ஆம் வருஷக் கணக்குச் சொல்லிற்று. படித்த ஜனங்கள் கணக்கும் போடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் அல்லவா? நாளொன்றுக்கு இருபது பேர். அரை பஸ் ஜனம். வாகைக்குளத்து விமானத்தின் ஆயுள் அந்த அரை பஸ்ஸில் இருக்கிறது.